முருகைக்கு எவ்வளவு வெளிச்சம்

மே 13, செவ்வாய்

விடிந்ததிலிருந்து கச்சான் காற்று. யன்னல் எல்லாம் மூடியும் தையல் மெஷினுக்குள் மணல். ஹஜ் பெருநாளைக்கு முந்திக் கொடுக்க வேண்டிய அபாயா ஏழு. கறுப்பு நூல் தீரப்போகிறது.

கடல்நீர்த் தொட்டி: கிளைமுருகை (கடற்பவளம்) வெளுக்கிறது. நேற்று நுனி மட்டும் என்று நினைத்தேன். இன்று மேல்பக்கம் முழுக்க. அடிப்பக்கம், விளக்குப் படாத இடம், இன்னும் நல்ல பழுப்பு. அப்படியென்றால் தண்ணீரில் குறை இல்லை, தண்ணீர் கெட்டிருந்தால் மேல் கீழ் பார்க்காது. யன்னல் சீலையும் வெயில் படுகிற பக்கம்தானே நிறம் போகிறது. விளக்குத்தான் கூடிப்போயிற்று.

பண்ணையில் அனுமதியோடு வளர்த்த துண்டு இது. கட்டாருக்கு வேலைக்குப் போகிற கிழமை மச்சான், என் வீட்டுக்காரர், கொண்டுவந்து வைத்தார். "நான் வாறத்துக்குள்ள கைப்பிடி அளவு வளந்திரிக்கணும், பாரு" என்று எனக்குக் கட்டளை வேறு. பெருவிரல் அளவு வந்துவிட்டது. இப்போது செத்தால் எனக்குத் தாங்காது. சுபஹு தொழுதுவிட்டு முதலில் பார்ப்பது அதைத்தான்.

போனில் விளக்கை இயக்குகிற அப்பைத் திறந்தால் விளக்கு 60 வீதம்! நான் வைத்தது 40. கரண்ட் போய் வந்ததில் மாறியிருக்கும். 30க்கு இறக்கியாச்சு.

மே 14, புதன்

காலையில் திரும்ப 60. அல்லாஹ்வே. நேற்று கரண்ட் போகவே இல்லை.

மாமியைக் கேட்டேன். "நான் அந்தப் பெட்டிக்குக் கிட்டயும் போறல்ல மகள். அதுட மோட்டர் சத்தத்துக்கே எனக்குப் பயம்." உண்மைதான், பெருக்கும்போதுகூட அந்த மூலையை விட்டுவிடுவார். 30.

நிறத்தை ஞாபகத்தில் வைத்திருக்க முடியாது. "அதே பச்சைதான்" என்று வேறு பச்சைத் துணி வாங்கி வருகிறவர்கள் எத்தனை பேர்! அதனால் நூல்கட்டைகளைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். முருகையின் அடிப்பக்கம் பிளேன்டீ, பால் விடாத தேத்தண்ணீர், நிறக் கட்டை. மேல்பக்கம் லைனிங் தைக்கிற வெள்ளைக் கட்டை, அச்சொட்டாக. வெள்ளையிலிருந்து பிளேன்டீ வரை கட்டைகளை வரிசையாக மேசையில் அடுக்கிவிட்டேன். வெள்ளைதான் முதலாவது. மேல்பக்கம் ஒவ்வொரு கட்டையாக ஏற வேண்டும். ஏற்றாமல் விடமாட்டேன்.

மே 15, வியாழன்

லுஹர் தொழுதுவிட்டு வந்து அபாயாவுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். என் கண் முன்னாலேயே விளக்கு கூடியது. கிட்டே ஒருவரும் இல்லை.

மாமி தஸ்பீஹ் மணியை விட்டுவிட்டு எழும்பினார். "யா அல்லாஹ், ஜின்னா? பிஸ்மி சொல்லு மகள்!"

அப்போதுதான் பொறி தட்டியது. அந்த அப் அவருடைய போனிலும் இருக்கிறது.

"ஜின் இல்ல மாமி. உங்கட மகன்."

கட்டாருக்குக் கோல் எடுத்தேன். மனுசன் சிரிக்கிறார்.

"ஓம், நான்தான். வீட்டு ஹோல்ல பூட்டின கேமராவுல பாத்தா தொட்டி இருட்டாக் கிடக்கு. என்னத்துக்கு இறக்கிற நீ?"

"வெளுக்குது மச்சான்."

"எத்தின வருஷம் அலங்கார மீன் பிடிக்க முழுகினவன் நான்? முருகைட தலைக்கு மேல நடுப்பகல் வெயில் நிக்கும். இந்தச் சின்ன லைட் என்னத்தைச் செய்யும்?"

"அங்க வெயிலுக்கும் முருகைக்கும் நடுவுல எவ்வளவு தண்ணி? இங்க ஒரு சாண்."

"நீ எண்டைக்காவது கடலுக்குள்ள இறங்கினியா?"

போனை வைத்துவிட்டேன். கோபத்தில் அந்தக் கையைத் தலைகீழாகப் பொருத்தி, பிறகு பிரித்துத் தைத்தேன்.

மே 16, வெள்ளி

காலை 55. நான் 30. ஜும்ஆவுக்குப் பிறகு 50. நான் 30. அஸருக்கு 60, வேண்டுமென்றே. மேல்பக்கம் வெள்ளை நூலைவிட வெள்ளை.

மாமி: "ரெண்டு பேரும் விளையாடி முடிங்க. மிச்சத்தை நான் சோத்துக்கு ஆணம் காய்ச்சிறன்." எரிச்சலிலும் சிரிப்பு.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். ஒளித்துச் செய்யவில்லை, குரல் பதிவும் அனுப்பினேன்: "பாஸ்வேர்ட் மாத்திட்டன். கோவிக்காதீங்க. கோவிச்சாலும் பரவாயில்ல."

மே 18, ஞாயிறு

நேற்று முழுக்கக் கோல் இல்லை. குரல் பதிவைக் கேட்டிருக்கிறார், பதில் இல்லை. சோறு இறங்கவில்லை எனக்கு.

இன்று பின்னேரம் போனில் வந்தார். சண்டைக்கு ஆயத்தமாக இருந்தேன். குரல் வேறு மாதிரி.

"உம்மாட மருந்து, கரண்ட் பில், கூரை ஒழுக்கு, எல்லாம் நீ பாக்கிற. என்ட கைக்கு அங்க அடங்கிறது அந்த லைட் ஒண்டுதான். சாப்பாட்டு நேரத்துல போன்ல ஒருக்கா அமத்தினா நம்மட வீட்டுக்குள்ள வெளிச்சம் கூடும். வீட்டுக்குள்ள நிக்கிற மாதிரி இரிக்கும். அதையும் பறிச்சிட்டியே."

அழுதுவிட்டேன். ஆனாலும் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. வீடியோவைப் போட்டேன். நிறத்தைத் திரிக்கிற நீல விளக்கை நிறுத்தி, வெள்ளை விளக்கு மட்டும் வைத்து, வெள்ளையும் பிளேன்டீயுமாக இரண்டு நூல்கட்டைகளை முருகைக்கு இரு பக்கமும் கண்ணாடியில் பிடித்தேன்.

"கேமரா இருட்டாக் காட்டினா நூலையும் இருட்டாத்தான் காட்டும். இப்ப சொல்லுங்க, மேல்பக்கம் எந்த நூலோட சேருது?"

கட்டைகளை இடம் மாற்றிப் பிடிக்கச் சொன்னார்.

"வெள்ளையோட."

"அல்ஹம்துலில்லாஹ், கண் தெரிஞ்சிட்டு."

"முந்தி?"

"முந்தி மற்றக் கட்டை. பிளேன்டீ."

"அப்ப நான்தான்..."

"ஓம்" என்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மே 24, சனி

காற்று. மூன்று தரம் கரண்ட் போனது. மோட்டருக்கு பேட்டரி மாட்டியாச்சு.

கிளை இன்னும் வெள்ளைதான். சாகவும் இல்லை, அதன் குட்டி வாய்கள் திறக்கின்றன. பக்கத்தில் இருக்கிற பொத்தான் முருகை (பேர் நான் வைத்தது) தண்டை நீட்டிக்கொண்டு நிற்கிறது, வெளிச்சம் தேடி. அதற்கு 30 காணாது. என் கையும் கூடித்தான் போயிற்று, ஒரேயடியாகப் பாதிக்கு இறக்கியிருக்கக் கூடாது. கிளையைக் கல்லின் நிழலுக்குள் வைத்துவிட்டு விளக்கு 32. இனிமேல் இரண்டு இரண்டாகத்தான்.

மச்சானிடம் மறைக்கவில்லை. "பாத்தியா!" என்றார். மாமியைக் கூப்பிட்டு அவரிடமும் "பாத்தீங்களா உம்மா!" சின்னப் பிள்ளைதான் இந்த ஆள்.

மே 31, சனி

அபாயா மூன்று பாக்கி. இடுப்பு முறிகிறது. முருகையில் மாற்றம் இல்லை. அல்லது கொஞ்சம். தெரியவில்லை. பார்க்காமல் இருப்போம் என்று சீலையைப் போட்டு மூடி, கால் மணி நேரத்தில் நானே எடுத்தேன்.

ஜூன் 5, வியாழன்

கடைசி அபாயாவும் போய்விட்டது. நாளை அரஃபா நோன்பு, மறுநாள் பெருநாள். வட்டிலப்பத்துக்கு முட்டை வாங்க வேண்டும்.

மேல்பக்கம் வெள்ளைக் கட்டையோடு சேரவில்லை! அடுத்த கட்டையோடு சேர்கிறது, அந்த லேசான மணல் நிறம். நம்பாமல் கட்டைகளை வெளியே கொண்டுபோய் வெயிலில் பார்த்துவிட்டு வந்து திரும்பப் பிடித்தேன். இரண்டாவது கட்டைதான். மாமியும் வந்து பார்த்தார், முதல் தடவையாகக் கிட்டே. "ஓம் மகள், அழுக்குப் பட்ட மாதிரி." "அந்த அழுக்குத்தான் மாமி அதுட உயிர்" என்றேன்.

மச்சானுக்கு வீடியோவில் காட்டினேன்.

"மூணாவது கட்டை போல இரிக்கே."

"ரெண்டு. ஆசைப்படாதீங்க."

"அப்ப லைட்டக் கொஞ்சம் கூட்டலாமா?"

"கூட்டலாம்."

"பாஸ்வேர்டச் சொல்லு."

"நீங்க எவ்வளவு எண்டு சொல்லுங்க. நான் கூட்டுறன்."

"நாப்பது."

"மச்சான்!"

"சரி. முப்பத்திநாலு."

வைத்தேன். இரண்டு வீதம், பக்கத்தில் நிற்கிற எனக்கே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"கூடிச்சு, கூடிச்சு" என்றார் அங்கிருந்து. "நல்லாத் தெரியிது."