முன் சஹனில் உட்கார்

என் பேத்தி, அன்பு மகள் அம்னாவுக்கு,

அன்றைக்கு ஸ்பிரிங்வேல் கலியாணத்தில் நம் சஹனைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் என் தங்கச்சி ஜெய்னம்பு, அவளுடைய மகள் றிஸ்மியா, இரண்டு மருமகள்மார், நீ, நான். ஆறு பேருக்கு ஒரே தட்டு. நீ பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தாய்.

"ஆபிரிக்காக்காரப் புள்ள கை வெச்ச சோத்த எப்பிடித் தின்றது?" என்று கேட்டு ஜெய்னம்பு எழும்பினாள். மற்ற மூவரும் அவள் பின்னால் போனார்கள். தொடைத் தசை கிழிந்து கட்டுப் போட்டிருந்த உன்னால் எழும்பவும் முடியவில்லை. நான் அந்தச் சோற்றையே சாப்பிட்டேன், உனக்கும் ஊட்டிவிட்டேன்.

முந்தின வருடம் நீ நானூறு மீட்டரில் ஆஸ்திரேலியாவிலேயே முதலாவதாக வந்தபோது, உன் பக்கத்தில் உட்கார இதே பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளினார்கள். அப்போதும் உன் வாப்பா சூடான்காரர்தான்.

கால் சுகமாகி, போன கிழமை ஓட்டத்தில் மறுபடி வென்றாய். மறுநாளே ஜெய்னம்பு எனக்குப் போன் எடுத்தாள். "எங்கட புள்ளயப் பேரன்ட கலியாணத்துக்குக் கூட்டிட்டு வாங்க ராத்தா. முன் சஹன்ல எனக்குப் பக்கத்துல இடம் வெச்சிருக்கன்."

போகவா என்று கேட்டாய். போ மகள். மதிப்பானவர்களுக்கு வைக்கும் அந்த முன் சஹனில் உட்கார். நீதான் முதலில் கை வைக்க வேண்டும். அந்தச் சோற்றை அவள் தின்பதை நான் எதிரில் இருந்து பார்ப்பேன்.

அவள் அழுது மன்னிப்புக் கேட்டால், கொடுப்பது உன் விருப்பம். நான் நோன்புக்கு நோன்பு எல்லாரையும் மன்னிக்கிறவள், ஒருத்தியைத் தவிர. அவள் பெயர் ஜெய்னம்பு.

உன் உம்மும்மா