ஹீலியம் தீரும்வரை

இங்கிலாந்து
18.2.1964

அன்பு மனைவி ஸுலைஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளன்றும் ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தேன். ரொட்டியும் அவித்த முட்டையும். உன் வட்டிலாப்பம் நினைவுக்கு வந்தது.

என்ன வேலை என்று கேட்டிருந்தாய். புரோட்டான் ஒவ்வொன்றும் பம்பரம்போலச் சுழலும். அச்சு கண்டபடி சாய்ந்து கிடக்கும். ஒரு படிகத்தைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்து, பெரிய காந்தத்தின் நடுவே நிறுத்தி, அதிலுள்ள புரோட்டான்களை முடிந்தவரை ஒரே பக்கம் திருப்புகிறோம். பிறகு வேறு புரோட்டான்களை அதன்மேல் எய்து, இடம் வலமாக எப்படிச் சிதறுகின்றன என்று பார்ப்போம். அணுக்கருவைக் கட்டிவைத்திருக்கும் விசையின் குணம் அதில் தெரியும்.

கோடையில் முடிந்துவிடும். உடனே வருவேன்.

உன் முனாப்

ஹட்டன்
2.5.1964

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். மாமாவுக்கு மறுபடி நெஞ்சுவலி. கடையில் நான்தான் உட்காருகிறேன். தோட்டத்துப் பெண்கள், "மொதலாளி மகன் எப்பங்க வாராங்க?" என்று கேட்கிறார்கள். சிரித்து வைக்கிறேன்.

மாமாவும் கேட்டார். "அங்க என்னதான் செய்றான்?"

"கல்லுக்குள்ள இரிக்கிற தூசியெல்லாம் ஒரே பக்கமாத் திருப்புறாராம் மாமா."

சிரித்துவிட்டார். "அதெல்லாம் திரும்பும். அவன ஹட்டன் பக்கம் திரும்பச் சொல்லு புள்ள."

ஒருமுறை வந்து முகம் காட்டிவிட்டுப் போங்கள்.

உங்கள் ஸுலைஹா

இங்கிலாந்து
3.9.1964

ஸுலைஹா,

தந்தி அன்றே கிடைத்தது. வாப்பா மௌத்தாகிவிட்டார் என்பதை இன்னும் நம்பமுடியவில்லை.

அன்றுதான் படிகம் நாங்கள் நினைத்தபடி அமைந்திருந்தது. ஹீலியம் தீரும்வரை அளந்தாக வேண்டும். தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கருவியருகே நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை, சொல்லும் அளவுக்கு இங்கே யாருமில்லை. புறப்பட்டிருந்தாலும் அடக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது. கோபிக்காதே.

இடப்பக்கமே அதிகம் சிதறுகிறது என்பது தெளிவாகிவிட்டது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். சரி என்றுவிட்டேன்.

எழுது.

முனாப்

மஸ்கெலியா
11.10.1964

மச்சானுக்கு,

ஸலாம். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் என் கூடப்பிறந்த நானா சரிபுதீன் வந்து என்னை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். கடைச் சாவி உங்கள் தம்பியிடம் இருக்கிறது.

மாமா கடைசியில் உங்களைக் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தனிச்சிப் போயிடுவியே புள்ள" என்றார்.

உங்கள் வேலை பலித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். பொய்யில்லை.

புறப்பட்டிருந்தாலும் அடக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். சரிதான் மச்சான். ஆனால் நான் உயிரோடுதானே இருந்தேன்.

நானா பள்ளிவாசல் லெப்பையிடம் பேசிவிட்டார். தலாக் சொல்லி என்னை விட்டுவிடச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். குளிரில் கவனமாக இருங்கள்.

ஸுலைஹா