உயிரோடிருப்பவனுக்கு எழவு கேட்ட மாதம்

கார்த்திகை 10, புதன்

தேங்காய் விலை ஏறி, ஆளாளுக்குத் தென்னை மரத்தடியில் கட்டில் போட்டுக் காவல் படுத்த வருசம் இது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு டீச்சர் இரண்டு தடவை வந்து போனார். பஞ்சாயத்துத் தேர்தலுக்காக, கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் எருத்தேன்பதியில் எழுதாத சுவர் பாக்கியில்லை. எங்கள் மாட்டுக்கொட்டகையில்கூட ஒரு சின்னம். பிற்பாடு யாராவது எந்த வருசம் என்று கேட்டால் இவ்வளவு சொன்னால் போதும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வயது எழுபத்தெட்டு. நடந்தது எதுவும் மறக்காது. ஆனால் என் ஞாபகத்தை ராமாத்தாள் ஒப்புக்கொள்வதில்லை. கல்யாணமாகி ஐம்பத்தோரு வருசமாக நான் சொல்லும் நாள் ஒன்று, அவள் சொல்லும் நாள் வேறொன்று. அவள் எட்டாவது வரை படித்தவள். "தெனமும் சொல்லுங்க, எழுதி வெச்சிருவோம், அப்பறம் சண்டையே வராது" என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பேசுவதைப் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள். தனக்குப் பிடிக்காததை விட்டுவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகம். (விடமாட்டேன். — ரா.)

இன்றைய சேதி: கால்வாய்க் கரையில் சினிமாக்காரர்கள் இறங்கியிருக்கிறார்கள்.

கார்த்திகை 12, வெள்ளி

டைரக்டர் பெயர் ஜிதின். மலையாளத்துக்காரன், தாடி. அவனுக்கு ஊர்க்காரர்களிடம் பேசிக் கொடுக்கக் கோயமுத்தூர்க்காரன் ஒருவன், கௌசிக். கதையைக் கேட்டேன். உருப்படாத மகன் ஒருவன் செத்துப்போகிறான். தகப்பன் அவனைப் பற்றி இல்லாததெல்லாம் சொல்கிறான். ஆற்றில் விழுந்தவர்களைக் காப்பாற்றினான், அநாதைகளுக்குச் சோறு போட்டான் என்று. ஊர் நம்பி, தகப்பனுக்கு மாலை போடுகிறது.

"இது சிரிப்புப் படமுங்க தாத்தா" என்றான் கௌசிக்.

"எழவு ஊட்ல என்றா சிரிப்பு?"

"அதுதானுங்க படமே."

எழவுக் காட்சிக்கு வயசாளிகள் வேண்டுமாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ராமாத்தாள் வரமாட்டாளாம். "நல்லாருக்கற ஊர்ல வலிய எழவு கூட்டறானுக" என்றாள்.

கார்த்திகை 14, ஞாயிறு

பிணமாகப் படுத்தவன் சிஜு என்ற நடிகன். தலையை வடக்கே வைத்துப் படுத்திருந்தான். தெற்கே திருப்ப வைத்தது நான்தான். வாய்க்கரிசி போடுங்கள் என்றதும் பெண்கள் நிஜமாகவே வாய்க்குள் போட்டுவிட்டார்கள். பிணம் தும்மியது. மறுபடி எடுத்தார்கள்.

அதைவிடக் கூத்து, காட்சி முடிந்ததும் ஊரே கால்வாயில் இறங்கித் தலைக்குக் குளித்தது. பொய்யோ நிஜமோ, பாடை தூக்கின இடத்திலிருந்து குளிக்காமல் எப்படி வீட்டுக்குள் போவது? ஜிதின் தலையில் கைவைத்தான். ஈரத்தலை படத்தில் தெரியுமாம். எங்களை வெயிலில் காயப்போட்டு மறுபடி எடுத்தார்கள். மறுபடி குளித்தோம். மூன்று தடவை.

மூன்றாவது தடவை நான் பாடையின் கால்மாட்டில் நின்றேன். தலை மட்டும் காய்ந்து வேட்டி காயாத நம் ஆட்கள் சொட்டச் சொட்டத் தூக்கியதில் சிஜுவின் பாதமும் நனைந்து, வெளுத்து, துணிக்கு வெளியே தெரிந்தது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அழுதேன். போதும் என்று ஜிதின் கத்திய பிறகும் அழுதேன். தகப்பன் வேஷக்காரர் தன் அழுகையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ராமாத்தாள் கேட்கிறாள், ஏன் என்று. ஜலதோஷம் என்று எழுது.

கார்த்திகை 15, திங்கள்

கௌசிக் போனை நீட்டி ஏதோ கேட்டான். ஏதோ சொன்னேன்.

கார்த்திகை 19, வெள்ளி

அந்த 'ஏதோ'வை இன்று எழுதியே தீர வேண்டுமாம். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன இடத்தில், ராமாத்தாளிடம் நாலு பேர் போனில் என் வீடியோவைக் காட்டி அழுதிருக்கிறார்கள்.

கௌசிக் கேட்டது: "அப்பிடி எப்பிடிங்க அழுதீங்க? நெசத்துல யாராச்சும் போயிட்டாங்களா?" நான் சொன்னது: "எம்பட பையன் சந்துரு செத்துட்டான். மூணாறுப் பக்கம் ஜீப்பு ஓட்டீட்டிருந்தான். மலைல உருண்டுருச்சு."

சந்துரு சாகவில்லை. மூணாறில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றி ஜீப் ஓட்டுகிறான், அது நிஜம். ஒன்பது வருசத்துக்கு முன்னால் அங்கே எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். சொந்தபந்தம் பார்க்க, எனக்குப் பையனே இல்லை என்று சொல்லி இந்தக் கால்வாயில் தலைமுழுகினேன். அதற்கப்புறம் பேச்சில்லை, போக்குவரத்தில்லை.

"உசுரோட இருக்கறவனச் செத்தான்னு சொல்ல எப்பிடிங்க வாய் வந்துச்சு?"

எப்படி வந்தது? இருபது பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றால் வந்துவிடுகிறது. ஜீப் உருண்டது நான் யோசித்ததே இல்லை. அதுவாக உருண்டது.

கார்த்திகை 20, சனி

கோபாலபுரம் செக்போஸ்ட் வரை போனேன். டீக்கடையில் லாரிக்காரர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒரு போலீஸ்காரர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். காலேஜ் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். நானும் கொஞ்சம் அழுதேன். வரவர நன்றாக வருகிறது.

எழுபத்தெட்டு வயது வரைக்கும் என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது. இதையும் எழுது.

கார்த்திகை 23, செவ்வாய்

எழவு கேட்க வந்துவிட்டார்கள். நல்லேப்பிள்ளியில் இருக்கும் என் தங்கை சுப்பாத்தாள் ஒரு வேன் நிறைய ஆள் கூட்டிக்கொண்டு, தெருமுனையிலிருந்தே மாரடித்தபடி வந்தாள். "தலைமுழுகுன அன்னிக்கே பெத்தவன் வாக்கு பலிச்சிருமுன்னு பயந்தனே அண்ணா!"

எழவு வீட்டில் வந்தவரை வாங்க என்று கூப்பிடக் கூடாது. போகிறவர் போய்ட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது. ராமாத்தாள் வாசலில் நின்று ஒவ்வொருவரையும், "வாங்க, வாங்க! நல்லாருக்கீங்களா? பலகாரம் சாப்பிடுங்க!" என்றாள். பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள். சுப்பாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் தனியே கூப்பிட்டு, தன் அண்ணி ராமாத்தாளைக் காட்டி, "நங்கைக்குப் புத்தி பெரண்டு போச்சாட்ட இருக்குதுங்கண்ணா, டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றாள்.

நான் என்ன சொல்ல வேண்டும்? பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். முப்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர்கள் எதுவும் சொல்லாமல் எழுந்து போனார்கள். ராமாத்தாள் வேனுக்குப் பின்னாலேயே போய், "போயிட்டு வாங்க! பொங்கலுக்கு வாங்க!" என்று கத்தினாள். பஜ்ஜியை மட்டும் ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

கார்த்திகை 28, ஞாயிறு

நாலு நாள் எழுதவில்லை. எழுதுகிறவள் பேசவில்லை.

இன்று காலையில் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்று கேட்டாள்: "யாருக்கு அழுதீங்க?"

சொன்னேன். எங்களுக்குப் பிறந்தது மூன்று. மூத்தவள் பழனாத்தாள், ஆறு வயதில் காய்ச்சலில் போனாள். ஆனி மாதம், நிலக்கடலை விதைத்து ஒன்பதாம் நாள். அடுத்தவன் மாரப்பன், எட்டு வயது. கால்வாயில் தண்ணீர் திறந்த மூன்றாம் நாள். அப்போது சந்துரு தவழ்கிற குழந்தை. மாரப்பனை எடுத்துக் கரையில் போட்டபோது பாதம் அப்படித்தான் வெளுத்திருந்தது. நான் அன்றைக்கு அழவில்லை. குழி வெட்ட ஆள் சொல்ல வேண்டும். உறவுக்குச் சேதி சொல்ல வேண்டும். வந்தவர்கள் உட்கார ஓலை போட வேண்டும். வேலை இருந்தது. முப்பத்தொன்பது வருசம் கழித்து ஒரு நடிகனின் காலைப் பார்த்து —

"அப்பறம் ஏனுங்க சந்துரு பேரச் சொன்னீங்க?"

மாரப்பன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். சாகாதவன் பெயர் சுலபமாக வந்தது.

ராமாத்தாள் தீவனக் கூடையை என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தை அவளே போட்டாள். சாயங்காலம் நோட்டை எடுத்தாள்.

மார்கழி 3, வியாழன்

ஊர் முச்சந்தியில் தேர்தலில் ஜெயித்தவர்களின் போர்டுகள். எல்லோரும் கும்பிட்டுச் சிரிக்கிறார்கள். நடுவில் என் மகன். பழைய கபடிக் குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்து, மாலை போட்டு, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி வரைந்திருக்கிறார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது; கண்ணீர் அஞ்சலி போர்டு எப்படி இருக்கும் என்று தெரியும்.

மீசை என்னுடையது. இத்தனை நாள் கவனிக்கவில்லை.

கத்தி எடுத்துப் போய்க் கயிற்றை அறுத்தேன். போர்டு வைத்த கபடிச் சங்கத்து ஆட்கள் ஓடிவந்து, "ஊட்டுக்குக் கொண்டுபோறீங்களாங்க? நாங்களே கொண்டாந்து கட்டித் தர்றமுங்க!" என்று சொல்லி, எங்கள் வீட்டுச் சுவரில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

(நான் அவிழ்த்துச் சுருட்டிவிட்டேன். — ரா.)

மார்கழி 5, சனி

மூணாறிலிருந்து போன். மருமகள் ஆர்த்தி. முதல் தடவையாக அவள் குரலைக் கேட்கிறேன்.

"மாமா, நான் ஆர்த்தி பேசுதேன். செத்தவரு இங்கன உக்காந்து டீ குடிக்காரு. எஸ்டேட்டு லயத்து வீடுகள்ல எல்லாரும் என்னைய வந்து விசாரிக்காக. ஜீப்புல ஏறுத ஆளுக அவருகிட்டயே ஒங்க வீடியோவக் காட்டி அழுதாக. நான் என்ன சொல்லட்டும்?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அவரு கோவமாத்தான் இருக்காரு. ஆனா ஒம்பது வருசத்துல ஒங்க வாயில அவரு பேரு வந்துருக்குன்னு, அத மட்டும் நாலு தடவ போட்டுப் பாத்துட்டாரு."

வைத்துவிட்டாள்.

மார்கழி 8, செவ்வாய்

கௌசிக்கைத் தேடிப் போனேன். போனை நீட்டு என்றேன். சொன்னேன்: "நான் சொன்னது பொய்யுங்க. எம்பட பையன் உசுரோட இருக்கறான். மூணாறுல இருக்கறான். என்னைய மன்னிச்சுக்குங்க." ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நேராகப் பார்த்துச் சொன்னேன்.

ஜிதின் பக்கத்திலேயே நின்று கேட்டான். "தாத்தா, இதாணு எண்ட கிளைமாக்ஸ். நான் எழுதினது வேஸ்ட்டு" என்றான்.

மார்கழி 10, வியாழன்

நம்பவில்லை! ஒருத்தன்கூட நம்பவில்லை. "பாவம் பெரியவர், மகன் உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்" என்று எழுதி முன்னைவிட அதிகம் பேர் அழுகிறார்களாம். சுப்பாத்தாள் போன் செய்து ராமாத்தாளிடம், "உங்களுக்கு வந்ததேதானுங்க நங்கை அண்ணனுக்கும் வந்துருச்சு" என்றாளாம். நல்ல வைத்தியர் ஒருவரை விசாரித்து வைத்திருக்கிறாள்.

ராமாத்தாள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இனி அவனையே கூட்டியாந்து காட்டுனாத்தானுங்க ஆச்சு."

கூட்டி வருவதென்றால் கூப்பிட வேண்டும். கூப்பிடுவதென்றால் போக வேண்டும். போனால் — வராமல் போய்விட்டால்?

மார்கழி 14, திங்கள்

ராமாத்தாளும் நானும் பஸ் ஏறினோம்: பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு. பஸ்ஸில் இரண்டு பேர் என்னை அடையாளம் கண்டு ஆறுதல் சொன்னார்கள். யாரைப் பார்க்கப் போகிறேன் என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

ஸ்டாண்டில் ஆர்த்தியின் அப்பா பாண்டித்துரை நின்றார். தேயிலை பேக்டரியில் வேலை பார்த்தவர். கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, அழுதது ரொம்ப நல்லாருந்துச்சு. நானே அழுதுட்டேன், மாப்பிள்ளை எதுக்க உக்காந்திருக்கும்போதே" என்றார். அவர் கேலி செய்தாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

சந்துரு வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். தலை பாதி நரைத்திருக்கிறது.

"எழவு கேக்க வந்தீங்களா?"

"இல்லடா."

"தலைமுழுகுனீங்களே. ஈரம் காஞ்சுதுங்களா?"

"ஒம்பது வருசமாக் காயலைடா."

அவன் குழாயைக் கீழே போட்டுவிட்டு நின்றான். தண்ணீர் பாட்டுக்கு ஓடி என் செருப்பெல்லாம் நனைந்தது. ராமாத்தாள் அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தாள். அவளுக்குப் பேச்சுவார்த்தை எல்லாம் வேண்டியதில்லை. ஏழு வயசுப் பெண் ஒன்று வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"எங்கப்பாவுக்கு அழுத தாத்தா நீங்கதானா?"

"ஆமா கண்ணு."

"இப்ப அழுது காட்டுங்க."

எவ்வளவு முயன்றும் வரவில்லை. சந்துருதான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தை 3, சனி

பொங்கலுக்கு வந்தார்கள், மூவரும். முச்சந்தியில் ஜீப் நின்றதும் டீக்கடை காலி. சங்கத்து ஆள் ஒருவன் சந்துருவைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். சுப்பாத்தாள் வேன் பிடித்து வந்து, அவன் கன்னத்தைக் கிள்ளி, "அடப்பாவி, உனக்குன்னு முப்பது பேரக் கூட்டியாந்து அழுதனேடா! தொண்டக் கட்டு ரெண்டு நாள்!" என்று அவனையே திட்டினாள். என்னைப் பார்க்கவே இல்லை. "போயிட்டு வர்றனுங்க நங்கை" என்று ராமாத்தாளிடம் மட்டும் நாலு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

சந்துரு என்னோடு அதிகம் பேசுவதில்லை. நேற்று என் தட்டில் மாட்டுப்பொங்கல் சோறு தீர்ந்ததைப் பார்த்து, கேட்காமலே இன்னும் கொஞ்சம் போட்டான்.

செக்போஸ்ட்டில் இப்போது யாரும் எழுந்து இடம் தருவதில்லை. பொய்யன் என்று இரண்டு பேர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். சரிதான்.

தை 6, செவ்வாய்

ஆஷா ஒர்க்கர் ராமலட்சுமி வீட்டுக் கணக்கெடுக்க வந்தாள். வருசா வருசம் வருகிறவள்தான். குழந்தைகள் எத்தனை என்று கேட்பாள்; யாரும் இல்லை, எழுதிக்கோ என்று அனுப்பிவிடுவேன். இந்தத் தடவை கேட்காமலே காகிதத்தில் கோடு போடப் போனாள்.

"கேளு" என்றேன்.

"எத்தனைங்க தாத்தா?"

"மூணு."

அவள் ராமாத்தாளைப் பார்த்தாள். ராமாத்தாள் என்னைக் கைகாட்டினாள்.

"பேருங்க?"

"பழனாத்தா. மாரப்பன்." இரண்டும் சத்தமாகவே வந்தன. வெளியாள் முன்னால் அந்தப் பெயர்களைச் சொல்லி எத்தனை வருசம். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன்.

"தாத்தா, போனவங்க பேர எழுத இதுல எடமில்லீங்க. உசுரோட இருக்கறவங்க பேரு மட்டும் சொல்லுங்க, போதும்."

"சந்துரு" என்றேன்.