குதிரைமசால் வயலில் ஆறு பசுக்கள்

அன்பிற்கும் பெருமைக்கும் உரிய என் மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இங்கே நலமே. படியேறும்போது முழங்கால் மட்டும் தன் எதிர்ப்பைத் தெரிவிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இன்றி இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டே இந்தத் தாளை எடுத்தேன். நிலத்தை மக்காச்சோள நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கலாமே என்று சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டாய், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். விடை சொல்லும் முன் இங்கு நடந்த ஒன்றை மறைக்காமல் எழுதுவது என் கடமை.

உன் அப்பா மறைந்த பிறகு பதினோரு ஆண்டுகள் மக்காச்சோளத்தைத் தவிர வேறெதையும் நான் விதைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். மண் செங்கல்லாக இறுகிவிட்டது, மண்வெட்டி பட்டால் கை அதிர்கிறது, ஒரு மண்புழுவைக்கூடக் காணோம். வேலிக்கு அந்தப்பக்கம் பால்காரர் வீட்டில் ஆறு பசுக்கள். அவற்றின் சாணத்தைக் கழுவி ஓடையில் விடுகிறார், தீவனத்தை லாரியில் வரவழைக்கிறார். எனவே ஒருங்கிணைந்த பண்ணையம் பற்றிய நூலொன்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்து படித்து, வயலில் மூன்றில் ஒரு பங்கில் குதிரைமசால் விதைத்தேன். அது மண்ணுக்கும் உரம், மாட்டுக்கும் தீவனம். மாடுகள் அங்கேயே மேயட்டும், சாணம் அங்கேயே விழட்டும், மூன்றாண்டு கழித்து அந்தப் பங்கில் மக்காச்சோளம் போட்டு அடுத்த பங்குக்கு மசாலை மாற்றலாம் என்று பால்காரரிடம் விளக்கினேன். "நீங்க பேசறது ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்குக்கா, ஆனா விஷயம் நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தபடி வேலியை வெட்டிப் படல் வைத்தார்.

மேய்ச்சலுக்கு விட்ட முதல் நாள் காலை ஆறரைக்கே படலைத் திறந்தோம். இலையெல்லாம் பனி, மாடுகளுக்கோ நல்ல பசி. அவற்றின் வாயையே பார்த்துப் பூரித்து நின்றேன். சற்று நேரத்தில், பால்காரர் மனைவி மகாராணி என்று அழைக்கும் பசுவின் இடது வயிறு தம்மென்று உப்பி, அது மூச்சுவிட முடியாமல் மண்டியிட்டுவிட்டது. பால்காரர் மனைவி முந்தானை சரிவதுகூடத் தெரியாமல் ஓடி வந்தாள். கால்நடை மருத்துவர் வந்து வாய்வழியாகக் குழாயை இறக்கிக் காற்றை வெளியேற்றி எண்ணெய் புகட்டிக் காப்பாற்றினார். "வெறும் வயித்தோட ஈர மசால்ல யாருங்க விட்டது?" என்று அவர் கேட்டபோது பால்காரர், "அக்கா புஸ்தகம் படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியும்னு இருந்துட்டேன்" என்றார். மாட்டுக்காரராயிற்றே, அவருக்குத் தெரியும் என்று நான் இருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து நூலைப் புரட்டினேன். கால்நடைகளைப் பற்றிய பகுதியின் இரண்டாம் பக்கத்திலேயே, பசித்த மாட்டை ஈர மசாலில் விட்டால் வயிறு உப்பும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. நான் பயிர்க்காரி, அது எனக்கு உரியதன்று என்று அந்தப் பகுதியை முழுவதுமாகப் படிக்காமல் தள்ளிவிட்டிருந்தேன் மகளே.

பால்காரர் மனைவி படலைச் சாத்திக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டாள். ஒன்பது நாட்கள் அப்படியே இருந்தது. மசால் முழங்கால் உயரம் வளர்ந்து யாருக்கும் பயனின்றி நின்றது. ஒரு டம்ளர் அரிசி பொங்கி, அதையே இரண்டு வேளை சாப்பிட்டு, வாயைத் திறக்கும் தேவையே இல்லாமல் நாட்கள் போயின. கடைக்காரரிடம் உப்பு கேட்டபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சம்மதம் என்று உனக்கு எழுதிவிடலாம் என்று அந்த நாட்களில் இருமுறை பேனாவை எடுத்தேன். பத்தாம் நாள் நூலோடு அவர்கள் கொட்டகைக்குப் போனேன். சாணத்தில் நின்றபடியே அந்தப் பகுதி முழுவதையும் இருவருக்கும் உரக்கப் படித்துக் காட்டி, தவறு முற்றிலும் என்னுடையது, பொறுத்தருள வேண்டும் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள், பிறகு அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டு, "மன்னிப்பக்கூட மைக் வச்ச மாதிரி கேக்கறீங்களே அக்கா! முதல்ல வைக்கோல் போடணும், பனி காஞ்சப்புறம்தான் விடணும், அரை மணி நேரம்தான், நீங்களும் கூடவே நிக்கணும், சரியா?" என்றாள். மூன்று நாட்களாக நானும் அவளும் வெயிலில் நின்று ஆறு இடது வயிறுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மகாராணி இப்போது நன்றாக மேய்கிறாள்.

ஆகையால் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கில்லை, நான் வருவதற்கும் இல்லை. மண் தேற மூன்றாண்டாவது வேண்டும். மண்ணை மட்டும் காரணமாகச் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அந்த அரை மணி நேரமும் அவள் வாய் ஓயாமல் பேசுகிறாள்: தன் நாத்தனாரைப் பற்றி, பல்வலியைப் பற்றி, என் சேலைக் கட்டைப் பற்றி. அங்கே வந்தால் நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு அடுக்குமாடி வீட்டில் என்னிடம் யார் பேசுவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். மேயும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம் என்று நூல் சொல்கிறது.

என்மேல் வருத்தம் கொள்ளாதே. நீ எடுக்கும் காரியமெல்லாம் கைகூடி, மாப்பிள்ளையோடும் குழந்தையோடும் நீடு வாழ என் முழு மனத்தோடு வாழ்த்துகிறேன். குழந்தையைத் தமிழில் இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல், பிழை இருந்தாலும் பாதகமில்லை. நினைவில் வை: காலை பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை மட்டும் அழைக்காதே, அப்போது வயலில் இருப்பேன். மற்ற நேரமெல்லாம் தொலைபேசிக்கு அருகிலேயே இருக்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா