எலுமிச்சம்பழமும் சிவப்பு பெடல் டிராக்டரும்

என் கண்ணான தம்பி வேலுச்சாமிக்கு,

நீ போன பிறகு வந்த முதல் ஆயுத பூசை நேற்று நல்லபடியாக முடிந்தது. சந்தோசமான சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் என் குறையைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை.

நீ சேர்த்து வைத்த டிராக்டர் பொம்மைகளுக்கு இனி யார் பொறுப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாயா? வெளிநாட்டிலிருந்து பழைய நிட்டிங் மிசின் வந்த கண்டெய்னருக்குள் கிடந்த சிவப்பு பெடல் டிராக்டரில்தான் உன் பித்து ஆரம்பித்தது. பிள்ளைகள் மிதித்து ஓட்டுகிற வண்டி. எந்த ஊர்ப் பிள்ளை ஓட்டியதோ, ஒரு பக்கத்துப் பெடல் மட்டும் தேய்ந்திருந்தது. அப்புறம் நீல டிராக்டர், தகரத்தில் கதிரறுக்கும் மிசின், உள்ளங்கைக்குள் அடங்கும் கலப்பை என்று தாராபுரம் பழைய இரும்புக் கடை வரைக்கும் அலைந்தாய். மண்ணரையில் இருக்கும் நம் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளுக்குப் பின்னால் இருந்த இடமெல்லாம் அவற்றுக்கே போனது.

போன மாதம் உன் மகன் பிரபு வந்து நின்றான்.

"ஏனுங்கத்தை, புது ஓவர்லாக் தையல் மிசின் வருதுங்க. எடம் வேணுமுங்க. இந்தப் பொம்மையெல்லாம் எடைக்குப் போட்டுரலாமுங்களா?"

"உங்கப்பன் ஆசையாச் சேத்தது உனக்கு எடைக்குப் போடற சாமானா?"

"கோவிச்சுக்காதீங்க. ஆயுத பூசைக்குப் பொட்டு வெக்கிற சாமானுக்கு மட்டுந்தான் இங்க எடம். மத்ததெல்லாம் வெளிய. சரிங்களா?"

சரி என்றேன். அவன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை எனக்குப் போதும்.

நேற்று மிசின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து முடிந்ததும், சிவப்பு டிராக்டரை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, டெலிவரி வேனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நானே பொட்டு வைத்தேன். பிரபு விடவில்லை.

"வண்டின்னா எலுமிச்சம்பழத்து மேல ஏறி நசுக்கோணுமுங்கத்தை. நசுக்குனா இங்கயே இருக்கட்டும்."

முன்சக்கரத்தடியில் பழத்தை வைத்துக் கட்டிங் மாஸ்டர் தள்ளினார். சக்கரம் ஏறவில்லை, பழம் உருண்டு முன்னால் ஓடியது. மறுபடி வைத்தார். மறுபடி ஓடியது. டெய்லர் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பழம் செயிச்சிருச்சுங்கத்தை!" என்றான் உன் மகன்.

வந்ததே எனக்குக் கோபம். பழத்தைப் பின்சக்கரத்தடியில் வைக்கச் சொன்னேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் ஸ்டீரிங்கில் முட்டின.

"ஆச்சி, விழுந்துராதிய!" என்று பதறினார் தென்காசிப் பக்கத்துக்காரரான கட்டிங் மாஸ்டர்.

"பேசாமத் தள்ளுங்க மாஸ்டர்!"

நச்சென்று நசுங்கிய பழத்தின் சாறு பிரபுவின் வெள்ளை வேட்டியில் தெறித்தது. முதலில் சிரித்தவன் அவன்தான். தானே மல்லிகைச் சரத்தை எடுத்து ஸ்டீரிங்கில் சுற்றினான்.

"போதுங்கத்தை, எறங்குங்க."

"வாசலை ஒரு சுத்து சுத்திட்டு எறங்கறேன், போடா!"

சுற்றினேன். பிறகு நீல டிராக்டருக்கும் கதிரறுக்கும் மிசினுக்கும் கலப்பைக்கும் வரிசையாகப் பொட்டு வைத்தேன். புது ஓவர்லாக் மிசின்கள் மாடிக்குப் போகின்றன.

நீ இருந்தவரை ஒரு தரமாவது என்னை அதில் உட்காரவிட்டாயா? பெயிண்ட் போயிரும், பெயிண்ட் போயிரும் என்று விரட்டினாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னதான் செய்தாய்? நீ மட்டும் ஓட்டினாயா கண்ணு?

வருசா வருசம் உன் வண்டிகளுக்குப் பொட்டு வைப்பேன். சந்தனம் காய்வதற்குள் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துவிடுவேன். உட்காருவதை மட்டும் விடமாட்டேன்.

உனக்கு முன்னால் பிறந்து, உன்னோடு இன்னும் சண்டை முடியாத
உன் அக்கா