வராத பொயின்ட் கார்டின் அப்பாவுக்கு

என் பாசத்துக்குரிய குணம் அண்ணை,

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிவிட்டது. இவ்வளவு நாளும் ஒரு வரி எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். அமெரிக்காவில் கொஞ்சப் பேர் உங்கள் மகளைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

ஆரணியைத் தங்கள் அணிக்கு வரச் சொல்லிக் கேட்ட அந்தக் கல்லூரிக்கு ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது, தெரியுமோ? இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். பெண்கள் கூடைப்பந்து அணிக்கு யாரை எடுத்தார்கள், யாரைத் தவறவிட்டார்கள் என்று ஓயாத வாதம். எங்கள் கோயில் நிர்வாகசபைக் கூட்டமெல்லாம் இவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும். அவர்களுக்கு முதல்நாள் மாலையாக இருக்கும்போது எனக்கு வேலையில் மதியச் சாப்பாட்டு நேரம். ஃபோர்க்லிஃப்டை ஓரமாக நிறுத்திவிட்டு, சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கிறேன். சோறு ஆறிப் போகிறது.

இந்த மாதம் ஆட்டங்கள் தொடங்கின. அணி வரிசையாகத் தோற்கிறது. பந்தைக் கொண்டுபோய் யாருக்கு, எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிற ஆள்தானே பொயின்ட் கார்ட்? அவர்களிடம் அப்படி ஒருத்தி இல்லை. உடனே எல்லோருக்கும் ஆரணி ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். 'அந்த ஆஸ்திரேலியப் பிள்ளை' என்று எழுதுகிறார்கள். இந்த நாட்டு அரசாங்கம் பதின்மூன்று வருடமாகச் சொல்லாததை அவர்கள் சும்மா போகிற போக்கில் சொல்லிவிட்டார்கள், அண்ணை.

ஒருத்தர், கோச் நித்திரை கொண்டுவிட்டா என்கிறார். இன்னொருத்தர், பெரிய கல்லூரி ஏதோ கொத்திக்கொண்டு போயிருக்கும் என்கிறார். மூன்றாவது ஆளுக்கு எல்லாம் தெரியும்: பிள்ளைக்குச் சிட்னிக் கடற்கரையை விட்டு வர மனமில்லையாம். நாங்கள் இருப்பது கடலே கண்ணில் படாத பெண்டில் ஹில்லில். படகில் வந்த வழியில் பார்த்த கடலே இந்தச் சென்மத்துக்குப் போதும் என்று சொன்னவர் நீங்கள். அந்த வரியை வாசித்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது.

அங்கே நானும் ஒரு பொய்ப்பேர் வைத்து உள்ளே போனேன். 'அவள் வர மறுக்கவில்லை. பிரிட்ஜிங் என்கிற தற்காலிக வீசாவில் இருக்கிறாள். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர வழியில்லை' என்று மூன்று தரம் தட்டினேன். மூன்று தரமும் அழித்தேன். வீசாக் கதையை வெளியில் எடுக்கக்கூடாது என்று நீங்கள்தான் எனக்குப் பழக்கினீர்கள். நான் வில்லாவுட் முகாமில் அடைபட்டுக் கிடந்த நாளில், ஞாயிறுதோறும் சோறு கொண்டுவந்து தந்து சொல்லித் தந்த முதல் பாடம் அது. வேலையிடத்தில் கேட்டாலும் பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் 'ஓல் குட்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

போன வருடம் ஆனி மாதம், அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். ஆரணி பயிற்சிக்குப் போயிருந்தாள். பெற்றோரோடு தனியாகப் பேச வேண்டும் என்று அந்தக் கல்லூரிக் கோச் கேட்டிருந்தா. உங்களுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டீர்கள். குசினி மேசையில் லாப்டொப். அண்ணி கமெராவில் படாமல் கதவோடு நின்றா. முழுப் படிப்புச் செலவும் தங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, கோச் ஒரே ஒரு கேள்வி கேட்டா. பாஸ்போர்ட், பயணம் எதிலாவது சிக்கல் இருக்கிறதா? இருந்தால் இப்போதே சொல்லுங்கள், வழி தேட ஒரு வருடம் இருக்கிறது.

நான் உங்கள் பக்கம் திரும்பினேன்.

"இல்லையெண்டு சொல்லு."

"அண்ணை, அவ நல்ல மாதிரித்தான் கேக்கிறா."

"எல்லாரும் முதல்ல நல்ல மாதிரித்தான் கேக்கிறவை. பொங்கலுக்கிடையில எல்லாருக்கும் நிரந்தர வீசா குடுக்கப் போறாங்களாம். நீ சிரிச்சுக்கொண்டு சொல்லு."

நான் சிரித்துக்கொண்டு சொன்னேன். நீங்களும் திரையைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்த மனுசி எங்கள் இரண்டு பேரையும் நம்பினா.

பொங்கல் வந்தது. வீசா வரவில்லை. அதற்கடுத்த கிழமை உங்களுக்கு மாரடைப்பு வந்தது. ஊரில் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும் என்று அண்ணி வைத்திருக்கிற உங்கள் சாம்பலைக் கொண்டுபோகக்கூட எங்களில் ஒருத்தருக்கும் ஏலாது. அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறீர்கள். இப்படி இருப்பீர்கள் என்று நினைத்தீர்களா?

பங்குனியில் கோச் பாஸ்போர்ட் பிரதி கேட்டா. உங்கள் பெயரில் நான் திறந்து வைத்த மெயிலுக்குத்தான் எல்லாம் வரும். கொஞ்சம் பொறுங்கள், வருகிறது, வருகிறது என்று இரண்டு மாதம் இழுத்தேன். வைகாசியில் உண்மையை எழுதினேன். அவ திட்டவில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் வழக்கறிஞரோடு பேசிப் பார்த்திருப்பேன், வழி இல்லாமலும் இருந்திருக்கலாம், ஆனால் தேடியிருப்பேன் என்று எழுதியிருந்தா. ஆரணிக்காக அந்த இடத்தைக் கடைசிவரை வைத்திருந்தாவாம்.

அந்தக் கடிதத்தை நான் ஆரணிக்குக் காட்டவில்லை. காட்டினால் நீங்கள் சொன்ன பொய்யையும் காட்ட வேண்டும். செத்துப்போன அப்பாவைப் பிள்ளையிடம் எப்படிக் காட்டிக்கொடுப்பது? அவையள் வேறு ஆளை எடுத்திட்டினம் என்று மட்டும் சொன்னேன். "எனக்கு உயரம் காணாதெண்டபடியாலா, சித்தப்பா?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவள் ஓம் என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றோடு விளையாட்டை விட்டுவிட்டாள். சனிக்கிழமை ஆட்டங்களில் மற்றப் பெற்றோரின் முறையையும் நீங்களே கேட்டு வாங்கி ஸ்கோர் மேசையில் குந்தியிருப்பீர்களே, அந்த மைதானப் பக்கமே போகிறாளில்லை. இப்போது ஹரிஸ் பார்க்கில் ஒரு இனிப்புக் கடையில் லட்டு பெட்டியில் அடுக்குகிறாள். பிள்ளையோடு ஒருக்காக் கதை என்று அண்ணி என்னைக் கெஞ்சுவா. எதைக் கதைப்பது?

போன சனிக்கிழமை அவளைக் கூட்டிவரக் கடைக்குப் போனேன். ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியில் போனை நீட்டினாள். அதே ரசிகர் பக்கம்.

"சித்தப்பா, கோச் எனக்காக மே வரைக்கும் வேற ஆளை எடுக்காம இருந்தவவாம். இதில ஒருத்தர் எழுதியிருக்கிறார். ஜஸ்ட் டெல் மீ. உண்மையா?"

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கோச் கேட்ட கேள்வி, நீங்கள் சொல்லச் சொன்ன பதில், நான் மறைத்த கடிதம். உங்களை அவள் வெறுத்துவிடுவாளோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன்.

"அப்பாவா சொல்லச் சொன்னவர்?"

"ஓம். ஆனா சொன்னது நான்தான்."

"எனக்கு வீசா இல்லையெண்டது அஞ்சு வயசில இருந்து தெரியும், சித்தப்பா. அது என்ர பிழையில்லை எண்டும் தெரியும். ஆறு மாசமா நான் காணாது, எனக்குத் திறமை போதாது எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். ரயில் ஏறும்வரை அழுதாள். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளை நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. புதன்கிழமை பின்னேரம் தானாக வந்தாள். கோச்சுக்குத் தான் எழுதிய கடிதத்தைக் காட்டினாள். முதல் வரியில் அவளுடைய பெயர். இரண்டாவது வரியில் அவளுடைய வீசா. அப்பா பயத்தில் மறைத்தார், நான் வர மறுக்கவில்லை, நீங்கள் காத்திருந்ததற்கு நன்றி. அவ்வளவுதான். எதுவும் கேட்கவில்லை.

எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. "பிள்ளை, அந்த வீசாக் கதையை எடுத்திட்டு அனுப்பன்."

"நான் உங்களைக் கேக்கேல்லை, சித்தப்பா. காட்டினனான்."

என் கண்முன்னாலேயே அனுப்பினாள். பதில் வருமோ தெரியாது. வந்தாலும் அவள் போக முடியாது. அண்ணியும் போக முடியாது, நானும் போக முடியாது. அந்த ரசிகர்கள் இன்றைக்கும் கடற்கரையைப் பற்றித்தான் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நேற்று ஆரணி மைதானத்துக்குப் போயிருந்தாள். அண்ணி போன் பண்ணிச் சொன்னா.

அண்ணை, ஒன்று மட்டும் உறுதி தருகிறேன். இனி அவளிடம் யார் எதைக் கேட்டாலும், கோச் ஆகட்டும், வீசாக் கந்தோர் ஆகட்டும், அவளுக்காக நான் வாய் திறக்கமாட்டேன். கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பேன். நீங்களே எழும்பி வந்து என் காதுக்குள் சொன்னாலும், பிள்ளையைத்தான் கேளுங்கோ என்பேன்.

உங்கள் தம்பி, ஆரணியின் சித்தப்பா,
சுதன்