வெள்ளிக்கிழமைக் களி

5-10-81, திங்கள்
விடியலிலிருந்து தூறல். அறுத்த சாமைக் கதிர் களத்தில் காயவில்லை. கித்தான் போட்டு மூடினோம்.
சாப்பாட்டுக் கணக்கு (மகளின் பழைய பள்ளி நோட்டு, அதில்தான் நான் எழுத்துக் கற்றதும்): காலை கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை. மதியம் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. மனசு: நி. நிம்மதி. அம்மன் புண்ணியம்.

6-10, செவ்வாய்
ஒருபொழுது. அவர் கால் முறிந்தபோது அம்மனுக்கு நேர்ந்துகொண்டது. பகலெல்லாம் வரக்காப்பி, நாலு தம்ளர். மூன்று மணிக்குக் கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு. காரணமே இல்லாமல் அழுகை. மனசு: ப.
அவர் பார்த்துவிட்டார். "ஏதோ காத்து கருப்பு. மலைய வுட்டு கீழ போய் மந்திரிச்சிகினு வந்துடலாம்."
எனக்குப் புத்தி பேதலிக்கிறதா? பயம்.

7-10, புதன்
நோட்டை ஆடி மாதம் வரை பின்னோக்கிப் புரட்டினேன். ப. எல்லாம் செவ்வாய், வியாழன், வெள்ளி. மூன்றும் ஒருபொழுது நாள். சாப்பிட்ட நாளில் ஒரே ஒரு ப., கீழே கண்ணமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகளிடமிருந்து கடிதம் வராத அன்று.
வியாழன் எதற்கு நேர்ந்தேன்? படபடப்பு போக!

8-10, வியாழன்
ஓரகத்தி முனியம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். சிரிக்கிறாள். "இன்னாக்கா, படபடன்னு வருதுன்னு சோத்த வுட்டியா? சோத்த வுட்டுத்தான் படபடன்னு வருது!"
"நேர்ந்தத எப்படிடி வுடறது? வெள்ளிக்கிழம பொண்ணு பிரசவத்துக்காச்சே. எட்டு மாசம்."
"ஆத்தாகிட்டயே கேளு. வயித்த காயப்போடுன்னு அவளா சொன்னா?"
நாளை பூ வாக்கு. வலப்பக்கப் பூ விழுந்தால் சம்மதம்.

9-10, வெள்ளி
ஈரப் புடவையோடு கோயில். பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் ஈர அரளிப்பூ ஒட்டினார். மூன்றுக்கும் சேர்த்துக் கேட்டேன். விட்டுவிடவா? என் பெண்ணுக்கு ஒன்றும் வராதே?
அரை மணி. பூ அசையவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து முனியம்மா: "ஆத்தா, சீக்கிரம் வுடு. உனக்கு முன்னாடி அக்கா வுழுந்துடும்." பூசாரியே சிரித்துவிட்டார்.
வலப்பக்கம் விழுந்தது.
வீட்டில் களி, இரண்டு உருண்டை. அழுகை வந்தது. இது வேறு அழுகை.

15-10, வியாழன்
நல்ல வெயில். சாமை காய்ந்துவிட்டது. குத்திக்கொண்டே இருந்தேன், மூன்று மணி தாண்டியதைக் கவனிக்கவில்லை. காப்பி காலை ஒன்றுதான். மனசு: நி.
அவர், "நாளைக்கு கீழ போலாமா?"
"போலாங்க. மந்திரிக்க இல்ல. பொண்ண பாக்க."
எடுத்துப்போக: புதுச் சாமை நாலு படி, தேன் ஒரு பாட்டில், விழுந்த பூ (காய்ந்தாலும்).
காலை பஸ். கிளம்புமுன் களி கிண்ட வேண்டும். எனக்கும் சேர்த்து.